'அர்' விகுதி

பாம்பன் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடையும் மருந்துக்கடையும் நெருக்குகிற இடத்தில்
எங்கள் சேவை மையம்.
நான்கு நாற்காலி, ஒரு மின்விசிறி,
உப்புக் காற்றில் மாதம் ஒருமுறை செத்துப்போகும் விசைப்பலகை.

அவள் வந்தபோது தலைமுடி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
சேலைக்கு மேல் ஆண்சட்டை.
விரல்களில் துணி சுற்றிக் கட்டிய தடம்.
பெயர் கேட்டேன்.
நம்புத்தாய்.
சின்னப்பாலம். வயது நாற்பத்தாறு.

விரலை வைக்கச் சொன்னேன். சிவப்பு விளக்கு.
துடைத்துவிட்டு வைக்கச் சொன்னேன். சிவப்பு.
நடுவிரல், மோதிரவிரல், இடதுகைப் பெருவிரல்.
முப்பது வருடம் பாரில் பாசி பிடுங்கிய கை,
ரேகை இருந்த இடம்
சிப்பியின் உள்பக்கம்போல் வழவழத்தது.
பெயரிலேயே நம்பச் சொல்கிறாள்,
கருவி நம்பவில்லை.

"முயல்தீவுக்கு அடியில கெடக்கும், போய்த் தேடு" என்றாள்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
கண்ணைப் படம்பிடிக்கும் பெட்டியை எடுத்தேன்.
உப்பில் சிவந்த கண்ணை அது ஏற்றுக்கொண்டது.

அடுத்தது தொழில்.
பழைய அட்டையில் 'மீனவர் மனைவி' என்றிருந்தது.
மீனவர் போன ஐப்பசியில் இறந்துபோனார்.
ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டியவர்.
வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பார்.
தனுஷ்கோடிக்குச் சவாரி போனாலும்
வண்டியை விட்டு இறங்கமாட்டாராம்.
தடைக்காலப் பணம் அவர் பேருக்குத்தான் வந்தது.
"நல்ல மனுசன். அப்படியே கொண்டாந்து குடுத்துருவாரு.
குடுக்காட்டி யார்ட்டப் போயிக் கேக்க?"

பட்டியலை இறக்கினேன்.
மீனவர் மனைவி: கணவர் உயிரோடு வேண்டும்.
விதவை: அது ஒரு தொழிலா என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.
இல்லத்தரசி.
"வீடு ஓல. இதுல அரசியாம்ல."

மீனவர் என்று அழுத்தினேன்.
பாலினம் பெண் என்றதும் கட்டம் சாம்பல் நிறமானது.
தேர்வு செல்லாது.

"ஆம்பளைங்களுக்குத்தான் வருதுக்கா."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.
எட்டாவது வரை படித்தவள்.
"மீனவன்னா ஆம்பள.
மீனவர்னா?
ஆசிரியர்ங்குறாக, எனக்குப் படிச்சுக் குடுத்தது மரியபாக்கியம் டீச்சர்.
வாக்காளர்ங்குறாக.
ஓட்டுப் பட்டியல்ல பேரு போடயில மட்டும்
அந்த 'அர்' என்னையச் சேத்துக்கிருச்சுல்ல?"

எனக்கு இலக்கணம் மறந்திருந்தது.
பலர்பால் என்று ஒன்று பள்ளியில் படித்தேன்.
அதற்கு இந்தத் திரையில் பொத்தான் இல்லை.
கடைசியில் 'மற்றவை' என்ற கட்டத்துக்குப் போய்
மீனவர் என்றே தட்டினேன்.
மூன்றாம் நாள் திரும்பி வந்தது.
காரணம்: இச்சொல் ஏற்கெனவே பட்டியலில் உள்ளது.

பாசிக்குப் போகாத ஒரு நாளில் மறுபடி வந்தாள்,
கூடவே அவள் வள்ளத்துப் பெண்கள் ஆறு பேர்.
ஆளுக்கொரு அட்டையை மேசையில் போட்டார்கள்.
"வாசி. சத்தமா."

வாசித்தேன்.
மீனவர் மனைவி. மீனவர் மனைவி. இல்லத்தரசி.
மீனவர் மகள், வயது முப்பத்தெட்டு.
சேதுக்கனிதான் முதலில் சிரித்தது;
இடுப்பில் தட்டிக்கொண்டு, மூச்சு முட்ட,
முங்கி எழுந்தவள்போல.
ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
இல்லத்தரசி. மீனவர் மனைவி.
ஏழாவது அட்டைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு தாள் எடு" என்றாள் நம்புத்தாய்.
"ஐயான்னு ஆரம்பிக்காத. ஆட்சியர்னு போடு.
மாசத்துல பன்னெண்டு நாள் முங்குறோம்னு எழுது.
வனத்துறைக்காரன் பாசி மூட்டையப் பறிக்கிறப்ப
யாரோட பொண்டாட்டின்னு கேட்டுப் பறிக்கலன்னு எழுது."

எழுதினேன்.
என் அட்டையில் தொழில் என்ன போட்டிருக்கிறது என்று
அதுவரை நான் பார்த்ததே இல்லை.

ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.
யாருடைய முடியிலிருந்தோ ஒரு சொட்டு விழுந்து
'ஆட்சியர்' கொஞ்சம் கலைந்தது.
வேறு தாள் எடுக்கவா என்றேன்.
"காயட்டும்" என்றாள்.